முன்கூட்டியே படிக்கப்படும் பிளாக்குகள்: லுக்-அஹெடை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும்

நண்பர் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஃபனுக் 0ஐ-எம்எஃப் கன்ட்ரோல் (இயந்திரத்தை இயக்கும் கணினி) உள்ள ஒரு விஎம்சியில் (செங்குத்து மில்லிங் இயந்திரத்தில்), வேலைப்பொருளைப் பிடிக்கும் ஹைட்ராலிக் ஃபிக்சர் போட்டு வேலை நடக்கிறது. புரோகிராமில் எம்10 கொடுத்துக் கிளாம்பை இறுக்குகிறீர்கள். ஜி04 கொண்டு 2 வினாடி காத்திருக்கிறீர்கள். ஜி00 வரியில் டூலை வேலைக்கு மேலே கொண்டுவருகிறீர்கள். அதன்பிறகு #1003 என்ற உள்ளீட்டு மாறியை இஃப் வரியில் சோதித்து, பிரஷர் சிக்னல் வரவில்லை என்றால் #3000 மூலம் அலாரம் கொடுக்கிறீர்கள். இது பல மாதங்கள் பிழையில்லாமல் ஓடியது. டையின் (அச்சின்) வளைந்த பரப்பில் ஃபினிஷ் சரியில்லை என்று புரோகிராமின் தொடக்கத்தில் ஒருவர் ஜி05.1 கியூ1 (பல வரிகளை முன்கூட்டிப் படித்து வேகத்தைத் திட்டமிடும் ஏஐ கான்டூர் கன்ட்ரோலைத் தொடங்கும் கட்டளை; இந்த முன்வாசிப்புதான் லுக்-அஹெட்) சேர்த்தார். ஃபினிஷ் சரியானது, ஆனால் கிளாம்ப் நன்றாக இறுகியிருக்கும்போதே இப்போது சில நேரங்களில் அலாரம் வருகிறது. "லுக்-அஹெடை முழுவதும் அணைக்க எந்தப் பாராமீட்டரை மாற்ற வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது அந்தப் பாராமீட்டர் அல்ல என்பது என் கருத்து. ஃபினிஷை இழக்காமல் சோதனையை எப்படி நம்பகமாக்குவது என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்பொருள், அதற்கு வழி இருக்கிறது. லுக்-அஹெடை முழுவதும் அணைக்க வேண்டாம். புரோகிராம் இயந்திரத்தின் நிஜ நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டிய அந்த ஓர் இடத்தில் மட்டும் முன்வாசிப்பைத் தடுத்தால் போதும்.

கன்ட்ரோல் பிளாக்குகளை, அதாவது புரோகிராமின் வரிகளை, ஏன் முன்கூட்டிப் படிக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். 1952-இல் எம்ஐடியில் எண்-கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் செய்துகாட்டப்பட்ட காலத்திலிருந்து வெகுநாள் வரை புரோகிராம் என்பது துளையிட்ட காகித நாடாவாக இருந்தது. ஒரு பிளாக் முடிந்த பிறகுதான் அடுத்த பிளாக்கை நாடாவிலிருந்து படிக்கத் தொடங்கினால், படித்து முடியும் வரை டூல் ஒரே இடத்தில் நின்று சுழலும். வேலையின் மேல் அந்த இடத்தில் ஒரு தடம் விழும். ஆகவே ஒரு பிளாக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பிளாக்கைப் படித்துத் தயாராக வைத்துக்கொள்ளும் சிறிய நினைவகம் சேர்க்கப்பட்டது. அதுதான் பஃபர். நாடா போய், நினைவகமும் கார்டும் வந்த பிறகும் அந்த ஏற்பாடு நீடித்தது. நீடித்தது மட்டுமல்ல, வேகக் கணக்கீட்டுக்காக இன்னும் பல மடங்கு பெரிதானது. எனவே இன்றைய கன்ட்ரோலில் எந்த நொடியிலும் இரண்டு இடங்கள் உண்டு: டூல் இருக்கும் பிளாக் ஒன்று, கன்ட்ரோல் படித்துக்கொண்டிருக்கும் பிளாக் இன்னொன்று. திரையில் நீங்கள் பார்ப்பது முதலாவதை. மேக்ரோ வரிகள் செயல்படுவதோ இரண்டாவது இடத்தில்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் உங்கள் சிக்கலின் மையம். ஃபனுக் கையேடுகள் என்சி வரி, மேக்ரோ வரி என்று இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. நகர்வு, எம் கோடு போன்றவை என்சி வரிகள். ஒரு மாறிக்கு மதிப்பு கொடுப்பது, இஃப், வைல், கோட்டு போன்றவை மேக்ரோ வரிகள். ஜி41, ஜி42 (டூலின் ஆரத்துக்கு ஈடுசெய்யும் கட்டளைகள்) இல்லாத சாதாரண நிலையில், ஒரு என்சி வரி ஓடும்போது கன்ட்ரோல் அடுத்த என்சி வரியைப் பஃபருக்குள் எடுத்துவைக்கிறது. இடையில் இருக்கும் மேக்ரோ வரிகள் அனைத்தையும் அந்த நேரத்திலேயே செய்து முடித்துவிடுகிறது. அவை அடுத்த நகர்வு வரும்வரை காத்திருப்பதில்லை. ஜி41 அல்லது ஜி42 நடப்பில் இருந்தால் இரண்டு என்சி வரிகள் வரை முன்னே போகிறது. ஏஐ கான்டூர் கன்ட்ரோல் நடப்பில் இருந்தால் இன்னும் பல வரிகள் முன்னே போகிறது. இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதை உங்கள் புரோகிராமில் பொருத்திப் பாருங்கள். ஜி05.1 கியூ1 இல்லாதபோது, இஃப் வரி அதற்கு முந்தைய ஜி00 ஓடத் தொடங்கியபோது செயல்பட்டது. அதற்குள் எம்10-உம் முடிந்திருந்தது, 2 வினாடிக் காத்திருப்பும் முடிந்திருந்தது. பிரஷர் ஏறியிருந்தது, சிக்னல் வந்திருந்தது. புரோகிராம் சரியாக எழுதப்பட்டிருந்ததால் ஓடியது என்பதைவிட, சோதனைக்கு முன்னால் தற்செயலாக ஒரு நகர்வு இருந்ததால் ஓடியது என்பதே பொருத்தம். ஜி05.1 கியூ1 வந்த பிறகு கன்ட்ரோல் பல பிளாக் முன்னே படிக்கத் தொடங்கியது. ஜி04 ஓடிக்கொண்டிருக்கும்போதோ, எம்10-க்கான பதில் சிக்னல் வருவதற்கு முன்போ, இஃப் வரி செயல்பட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் பிரஷர் இன்னும் ஏறவில்லை, ஆகவே அலாரம். எத்தனை பிளாக் முன்னே போகிறது என்பது பஃபர் அப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது, இயந்திரத்தில் எந்த ஆப்ஷன் இருக்கிறது, இடையில் எந்த வகை வரிகள் இருக்கின்றன என்பவற்றைப் பொறுத்து மாறும். எப்போதும் வராமல் சில நேரம் மட்டும் அலாரம் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். புரோகிராமை முழுதாகப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பதிலின் முடிவில் சொல்லும் சிறு சோதனையைச் செய்தால் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

தேவையில்லாமல் அலாரம் வருவது எரிச்சல்தான், ஆனால் அது பாதுகாப்பான பக்கம் விழும் பிழை. இதே காரணத்தால் எதிர்ப்பக்கத்திலும் பிழை விழலாம் என்பதை நீங்கள் இன்றே கவனிக்க வேண்டும். முந்தைய வேலையின் கிளாம்ப் சிக்னல் இன்னும் நீங்காமல் இருக்கும்போதே இஃப் வரி படிக்கப்பட்டால், கிளாம்ப் இறுகியிருக்கிறது என்ற பழைய செய்தியை நம்பி, இறுகாத வேலையின் மேல் டூல் இறங்கும். அலாரம் தொந்தரவு கொடுக்கிறது என்பதற்காகச் சோதனை வரியையே நீக்கிவிடும் யோசனை யாருக்காவது இருந்தால், அதைக் கைவிடச் சொல்லுங்கள்.

தீர்வு இதுதான். ஃபனுக்கில் எம்00, எம்01, எம்02, எம்30 ஆகிய நான்கும் வந்தால் அடுத்த பிளாக் முன்கூட்டிப் படிக்கப்படாது. இவை தவிர, நாமாகத் தேர்ந்தெடுக்கும் எம் கோடுகளுக்கும் அதே குணத்தைக் கொடுக்கலாம். பாராமீட்டர் 3411 முதல் 3420 வரை பத்து எம் கோடுகளைத் தனித்தனியாக எழுதலாம்; 3421 முதல் 3432 வரை, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று ஆறு வரம்புகளைக் கொடுக்கலாம். அப்படிப் பதிவான எம் கோடு ஓடி, லேடரிலிருந்து (வால்வு, சுவிட்சுகளைக் கையாளும் இயந்திரத்தின் பிஎல்சி புரோகிராம்) முடிந்தது என்ற ஃபின் சிக்னல் வந்த பிறகுதான் கன்ட்ரோல் அடுத்த வரியைத் திறந்து பார்க்கும். அதை இஃப் வரிக்கு நேர் முன்னால் வைத்தால், #1003 அந்தக் கணத்தின் உண்மையான நிலையைத் தரும். புதிய எண்ணைத் தேடுவதற்கு முன் இந்தப் பாராமீட்டர்களைத் திறந்து பாருங்கள். இயந்திரத்தைச் செய்தவர்களே ஏற்கெனவே ஒன்றிரண்டு எண்களைப் போட்டிருப்பது வழக்கம். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அது லேடரில் இருக்கும் எம் கோடாக இருக்க வேண்டும், வேறு எதையும் இயக்காததாகவும் இருக்க வேண்டும். லேடருக்குத் தெரியாத எண்ணைக் கொடுத்தால் சில இயந்திரங்கள் அலாரம் கொடுக்கும். சில இயந்திரங்கள் வராத ஃபின் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். பாராமீட்டரில் கைவைக்கும் முன் முழுப் பாராமீட்டர் தொகுப்பையும் கார்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

ஜி05.1 கியூ0 கொடுத்து ஏஐ கான்டூரை நிறுத்திவிட்டுச் சோதனையைச் செய்தால் போதாதா என்று கேட்கலாம். அதையும் செய்யுங்கள். வளைந்த பரப்பை வெட்டும் பகுதிக்கு முன்னால் கியூ1, அது முடிந்ததும் கியூ0 என்று வைப்பது நல்ல பழக்கம். தொடக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு எல்லாவற்றையும் அதற்குள் ஓட்டுவது அவ்வளவு நல்லதல்ல. ஆனால் கியூ0 நிலையிலும் ஒரு பிளாக் முன்வாசிப்பு இருக்கவே செய்கிறது. மேலும் சில இயந்திரங்களில் கியூ1 எழுதாமலே அந்த நிலை தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கும்படி பாராமீட்டரில் வைத்திருப்பார்கள். ஆகவே சோதனைக்கு முன் முன்வாசிப்பைத் தடுக்கும் எம் கோடு கட்டாயம் வேண்டும். கியூ0 அதற்கு மாற்று ஆகாது. ஜி04-இன் நேரத்தை 2-இலிருந்து 5 வினாடி ஆக்குவதும் மாற்று ஆகாது. காத்திருப்பது டூல் மட்டுமே, கன்ட்ரோலின் முன்வாசிப்பு காத்திருப்பதில்லை.

இன்னொரு கருத்தையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கிளாம்ப் இறுகியதா என்பதை மேக்ரோவில் சோதிப்பது, என் பார்வையில், இரண்டாம் நிலைக் காவலாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் காவல் லேடரில் இருக்க வேண்டும். எம்10 கொடுத்ததும் லேடர் வால்வைத் திறக்கட்டும். பிரஷர் சுவிட்ச் சிக்னல் வந்து, அது அரை வினாடியாவது நிலைத்த பிறகுதான் எம்10-க்கு ஃபின் கொடுக்கட்டும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் லேடரே அலாரம் கொடுக்கட்டும். வெட்டும் நடுவில் பிரஷர் இறங்கினாலும் ஃபீடை நிறுத்தட்டும். இந்தக் கடைசி வேலையை எந்த மேக்ரோ வரியாலும் செய்ய முடியாது, ஏனென்றால் அது ஒரே ஒரு கணத்தை மட்டும்தான் பார்க்கிறது. பல இயந்திரங்களில் எம்10 வந்தவுடன் ஃபின் கொடுத்துவிடும்படி லேடர் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை ஈடுகட்டத்தான் புரோகிராமர்கள் ஜி04-ஐச் சேர்க்கிறார்கள். உங்கள் எம்10 அடுத்து வரும் ஜி04-க்கு எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று கவனித்தாலே உங்கள் லேடர் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

முன்வாசிப்பால் தவறும் இடம் கிளாம்ப் சோதனை மட்டும் அல்ல. உள்ளீட்டைவிட வெளியீடு ஆபத்தானது. #1100 போன்ற வெளியீட்டு மாறிக்கு 1 கொடுத்து, "வேலை முடிந்தது, நீ வரலாம்" என்று ரோபோவுக்கோ லோடருக்கோ சிக்னல் அனுப்பும் புரோகிராம்கள் உண்டு. அந்த வரி இசட் ஆக்ஸிஸ் மேலே ஏறும் பிளாக்குக்கு அடுத்து எழுதப்பட்டிருந்தால், டூல் இன்னும் வேலைக்குள் இருக்கும்போதே சிக்னல் போய்விடும். இதை எம் கோடாகவே எழுத வேண்டும், அல்லது முன்னால் தடை வைக்க வேண்டும். எண்ணிக்கை வைக்கும் #500=#500+1 போன்ற வரியும் அப்படித்தான்: கடைசி வெட்டு முடிவதற்குள் கூட்டிவிடும், இடையில் ரீசெட் செய்தால் முடியாத வேலை கணக்கில் ஏறிவிடும். #3001 என்ற மில்லிவினாடிக் கடிகாரத்தால் நேரம் அளப்பவர்களுக்கு, அளந்த நேரம் சரியாகக் கிடைக்காது. நிலையைப் படிக்கும் மாறிகளில் கையேடே இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுகிறது: #5001 வரிசை பிளாக்கின் முடிவுப் புள்ளியைத் தருகிறது, ஓடும்போது படிக்கலாம், #5061 வரிசை ஸ்கிப் சிக்னல் வந்த இடத்தைத் தருகிறது, அதையும் படிக்கலாம், ஆனால் #5021 வரிசையில் வரும் மெஷின் நிலையையும் #5041 வரிசையில் வரும் தற்போதைய நிலையையும் நகர்வின்போது படித்தால் எதிர்பார்த்த மதிப்பு வராது. #3006 மட்டும் இதில் விலக்கு. அது முந்தைய பிளாக்கை ஓட்டி முடித்த பிறகே இயந்திரத்தை நிறுத்திச் செய்தியைக் காட்டுகிறது. ஆபரேட்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டிய இடங்களில் அது பயன்படும்.

மேக்ரோ எழுதாதவர்களையும் பஃபர் பாதிக்கிறது. சாய்கோடு போட்ட பிளாக்கைத் தாண்டுவதற்கான சுவிட்சை, அந்த பிளாக் பஃபருக்குள் போன பிறகு போட்டால் பயனில்லை. உள்ளே போனது ஓடியே தீரும். ஃபீட் ஹோல்டில் நிறுத்தி அடுத்த வரியைத் திருத்திவிட்டுத் தொடர்ந்தால், திரையில் திருத்திய வரி தெரிந்தாலும் முதலில் ஓடுவது ஏற்கெனவே படித்துவைத்த பழைய வரி. திருத்தம் செய்தால் ரீசெட் செய்து, பாதுகாப்பான வரியிலிருந்து, அங்கே நடப்பில் இருக்க வேண்டிய ஜி கோடுகளையும் ஆஃப்செட்டையும் சரிபார்த்துத் தொடங்குவதே முறை. டூலின் நீள ஆஃப்செட்டை ஓடும்போது மாற்றினால் அது எப்போது நடப்புக்கு வரும் என்பதைப் பாராமீட்டர் 5001-இன் 6-ஆம் பிட் தீர்மானிக்கிறது: 0 என்றால் அடுத்து ஜி43 அல்லது எச் கோடு வரும்போது, 1 என்றால் அடுத்துப் பஃபருக்குள் எடுக்கப்படும் பிளாக்கிலிருந்து. இரண்டிலும் "இப்போதே" என்பது கிடையாது.

முன்வாசிப்பைத் தடுக்கும் எம் கோட்டைக் கண்ட இடத்தில் எல்லாம் தூவிவிடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஜி41, ஜி42-இல் வெட்டும்போது, இந்தக் கோட்டின் முடிவில் டூலின் மையம் எங்கே நிற்க வேண்டும் என்பது அடுத்த கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. உள்மூலையில் இரண்டு கோடுகளின் இணைகோடுகள் வெட்டும் புள்ளியில் மையம் நிற்க வேண்டும். அடுத்த கோட்டைப் பார்க்காமல் அந்தப் புள்ளியைக் கணக்கிட முடியாது. இடையில் பஃபரைத் தடுக்கும் எம் கோடு வந்தாலோ, நகர்வே இல்லாத இரண்டு பிளாக்குகள் அடுத்தடுத்து வந்தாலோ, கன்ட்ரோலுக்கு அடுத்த கோடு தெரியாது. அது தற்போதைய கோட்டின் முனையில் செங்குத்தாக நின்றுவிடும். உள்மூலையாக இருந்தால் டூல் சுவருக்குள் புகுந்து வெட்டிவிடும். இதனால்தான் சோதனை, எண்ணிக்கை, வெளியீடு எல்லாவற்றையும் ஜி40 கொடுத்து அந்த ஈடுசெய்தலை நீக்கி, பரப்பை விட்டு விலகிய பிறகு வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இனி, லுக்-அஹெடை ஏன் அணைக்கக் கூடாது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்கள் டையின் பரப்பு கேம் மென்பொருளிலிருந்து (வரைபடத்தைப் புரோகிராமாக மாற்றும் மென்பொருள்) 0.1 மிமீ நீளமுள்ள சிறு கோடுகளாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபீடு நிமிடத்துக்கு 6000 மிமீ, அதாவது வினாடிக்கு 100 மிமீ. ஆக்ஸிஸின் வேகம் வினாடிக்கு வினாடி 1000 மிமீ குறையக்கூடியது என்று கொள்வோம். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், முழு வேகத்திலிருந்து நிற்பதற்கு 5 மிமீ தூரம் தேவை. 0.1 மிமீ கோடுகளாகப் பார்த்தால் அது 50 பிளாக். தனக்குத் தெரிந்த கடைசி பிளாக்கின் முடிவில் நிற்க முடியும் என்ற வேகத்துக்கு மேல் எந்தக் கன்ட்ரோலும் போகக் கூடாது, ஏனென்றால் அதற்கு அப்பால் ஒரு செங்குத்து மூலை இருக்கலாம். 20 பிளாக் மட்டுமே முன்னே தெரிந்தால் கையில் இருக்கும் தூரம் 2 மிமீ. அதற்குள் நிற்கக்கூடிய வேகம் வினாடிக்கு 63 மிமீ, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3800. நீங்கள் எஃப்6000 என்று எழுதியிருந்தாலும் இயந்திரம் அதை எட்டாது. ஒரே ஒரு பிளாக் மட்டும் தெரிந்தால் வேகம் வினாடிக்கு 14 மிமீ அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு கோட்டிலும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பரப்பில் வரிவரியாகத் தெரிவது. உண்மையான இயந்திரங்களில் முடுக்கமே திடீரென்று மாறாமல் படிப்படியாக மாற்றப்படுவதால் நிற்கும் தூரம் இதைவிடக் கூடும், தேவைப்படும் பிளாக்கும் கூடும். ஃபனுக்கில் மாடலையும் ஆப்ஷனையும் பொறுத்து இந்த எண்ணிக்கை சில பத்துகளிலிருந்து, 30ஐ வரிசையின் உயர்ந்த ஆப்ஷனில் 1000 வரை போகிறது. உங்கள் இயந்திரத்தில் எவ்வளவு என்பதை விற்பனைத் தாளில் அல்லாமல் ஆப்ஷன் பட்டியலில் பாருங்கள்.

பிளாக் எண்ணிக்கை மட்டும் போதாது; அவற்றைப் படித்துக் கணக்கிடும் வேகமும் வேண்டும். மேலே சொன்ன அதே வேலைக்கு வினாடிக்கு 1000 பிளாக் தேவை, அதாவது ஒரு பிளாக்குக்கு 1 மில்லிவினாடி. இங்கேதான் புரோகிராமைக் கணினியிலிருந்து கேபிள் வழியாக அனுப்பும் பழைய டிஎன்சி இணைப்புகள் தோற்கின்றன. ஆர்எஸ்-232-இல் 9600 பாட் வைத்து, ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், 7 தரவு பிட், பாரிட்டி, இரண்டு நிறுத்த பிட் என 11 பிட் போனால், வினாடிக்குச் சுமார் 870 எழுத்துகள்தான் வரும். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் உள்ள ஒரு பிளாக் 24 எழுத்து என்றால் வினாடிக்கு 36 பிளாக். 0.1 மிமீ கோடுகளில் அது நிமிடத்துக்கு 220 மிமீ ஃபீடைக்கூடத் தொடாது. பஃபர் காலியாகும், டூல் நிற்கும், நிரம்பும், நகரும். எத்தனை ஆயிரம் பிளாக் லுக்-அஹெட் வாங்கியிருந்தாலும் குழாயில் வருவது இவ்வளவுதான் என்றால் பயன் இல்லை. உங்கள் கேள்வியில் புரோகிராம் நினைவகத்திலிருந்து ஓடுகிறதா, கார்டிலிருந்தா, கேபிள் வழியாகவா என்பது இல்லை. கேபிள் என்றால் மெமரி கார்டுக்கோ டேட்டா சர்வருக்கோ மாறுவதுதான் முதல் வேலை.

ஃபினிஷ் மறுபடி கெட்டால் காரணத்தைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஃபீடு ஓவர்ரைடை 100-இலிருந்து 50-க்கு இறக்கி அதே பகுதியை ஓட்டுங்கள். நேரம் கிட்டத்தட்ட இருமடங்கானால் இயந்திரம் நீங்கள் எழுதிய ஃபீடில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் பெரிதாக மாறவில்லை என்றால், அது எழுதிய ஃபீடை எட்டவே இல்லை. பிளாக் வரத்தோ, கணக்கீடோ, மூலை வேகக் கட்டுப்பாடோ தடுத்துக்கொண்டிருக்கிறது. அதன்பிறகு கேம் மென்பொருளின் டாலரன்ஸைப் பாருங்கள். 50 மிமீ ஆரமுள்ள வளைவில் 0.01 மிமீ டாலரன்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 2 மிமீ நீளம் இருக்கும், 0.001 கொடுத்தால் 0.63 மிமீ ஆகிவிடும். பிளாக் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. டூலின் ரன்-அவுட் (சுழலும்போது மையத்திலிருந்து விலகும் அளவு) அதைவிடப் பல மடங்கு இருக்கும் இயந்திரத்தில் இந்தக் கூடுதல் பிளாக்குகள் எதையும் மேம்படுத்துவதில்லை.

வேறு கன்ட்ரோல்களில் வேலை செய்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். என் நேரடி அனுபவம் பெரும்பாலும் ஃபனுக் மில்லிங்கில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். சீமென்ஸ் 840டி-யில் ஸ்டாப்ரீ என்று ஒரு வரி எழுதினால் முன்வாசிப்பு அங்கே நிற்கும். இயந்திரத்தின் தற்போதைய நிலையைத் தரும் பல சிஸ்டம் மாறிகளைப் படித்தாலே கன்ட்ரோல் தானாக நிறுத்திக்கொள்ளும். இது நல்ல வடிவமைப்பு. ஹாஸில் ஜி103 பி1 கொடுத்து முன்வாசிப்பை ஒரு பிளாக்காகச் சுருக்கலாம். சோதனை வரிக்கு முன் சில வெற்று பிளாக்குகளையும் விடுவது அங்கே வழக்கம். ஹைடன்ஹைனில் எஃப்என் 20-இன் சிங்க் அந்த வேலையைச் செய்கிறது. ஆர ஈடுசெய்தலுக்கு எத்தனை பிளாக் முன்னே பார்க்க வேண்டும் என்பதை எம்120 எல்ஏ மூலம் 99 வரை நாமே சொல்லலாம். லினக்ஸ்சிஎன்சியில் எம்66 வரிசையை நிறுத்துகிறது. சிறிய ரவுட்டர்களில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1-க்கு 16 பிளாக் திட்டமிடும் இடமும் 128 பைட் வரவேற்புப் பஃபரும்தான் உண்டு. நுண்ணிய வளைவுகளில் அது தயங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுவே.

உங்கள் இயந்திரத்தில் நான் சொன்னது உண்மைதானா என்று பார்க்க, ஸ்பிண்டிலை நிறுத்தி, டூலை உயரத்தில் வைத்து, எக்ஸ் ஆக்ஸிஸில் 100 மிமீ இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு சிறு புரோகிராமை ஆட்டோவில் ஓட்டுங்கள். முதல் வரி #3001=0. அடுத்து ஜி91 ஜி94 ஜி01 எக்ஸ்100. எஃப்100. அதற்கடுத்து #500=#3001. பிறகு ஜி01 எக்ஸ்-100. எஃப்1000, ஜி90, எம்30. ஃபீடு ஓவர்ரைடு 100-இல் இருக்கட்டும். முதல் நகர்வு சரியாக ஒரு நிமிடம் எடுக்கும். ஆகவே வரிசைப்படி பார்த்தால் #500-இல் 60000-ஐ ஒட்டிய எண் வர வேண்டும். முன்வாசிப்பு இருந்தால் அதைவிட மிகச் சிறிய எண் வரும், அதுவும் டூல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே மாறித் திரையில் தெரியும். பிறகு #500 வரிக்கு முன்னால் நீங்கள் தேர்ந்தெடுத்த தடுப்பு எம் கோட்டை வைத்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது 60000-ஐ ஒட்டி வந்தால் அந்தக் கோடு வேலை செய்கிறது, அதையே கிளாம்ப் சோதனைக்கு முன் வைக்கலாம். இதே சோதனையை ஜி05.1 கியூ1 நடப்பில் இருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் பிழை அந்த நிலையில்தான் வந்தது. இரண்டாம் முறையும் சிறிய எண்ணே வந்தால், 3411 முதல் 3432 வரையான பாராமீட்டர் மதிப்புகளையும் அந்த எம் கோட்டின் லேடர் பகுதியையும் இயந்திரத்தைச் செய்தவர்களின் சர்வீஸ் பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். அதுவரை கிளாம்ப் பிரஷர் கேஜை ஆபரேட்டர் கண்ணால் பார்த்து, எம்00-இல் நின்று, சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்துத் தொடரட்டும்.